ஒரே படம், இரண்டு வெளிச்சக் கணக்கு

வீட்டுச் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்றுச் சுற்றும். இறக்கையின் நுனி மையத்திலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அந்த நுனி வினாடிக்கு 22 மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஷட்டரை 1/200 வினாடிக்கு வைத்துப் படம் எடுத்தால், ஷட்டர் திறந்து மூடுவதற்குள் நுனி 11 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் இறக்கை இருக்காது. மங்கலான ஒரு தீற்றல் மட்டும் இருக்கும். இப்போது அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஷட்டரை அதே 1/200-இல் விட்டு, ஐஎஸ்ஓவை ஏற்றி, கேமராவின் மேல் செருகிய ஃபிளாஷை அதன் மிகக் குறைந்த அளவில் அடித்துப் பாருங்கள். இறக்கை நின்றுவிடும். அதன் ஓரத்தில் படிந்திருக்கும் தூசுகூடத் தெரியும்.

ஷட்டர் மாறவில்லை. ஃபேனும் வேகம் குறையவில்லை. ஆனால் அந்த அறையில் வெளிச்சம் இருந்ததே 1/20,000 வினாடிக்கும் குறைவான நேரம்தான். அதற்குள் நுனி நகர்ந்தது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். மற்ற நேரமெல்லாம் ஷட்டர் இருட்டைப் பார்த்தபடி திறந்து கிடந்தது. படம் பதிந்த நேரத்தைத் தீர்மானித்தது கேமரா அல்ல, வெளிச்சம்.

கேமராவோடு சேர்க்கும் தனி ஃபிளாஷை இருட்டில் உதவும் ஒரு கைவிளக்காகவே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். வெளிச்சம் போதாதபோது எடுத்து மாட்டுகிறார்கள். படம் வெளிறிப்போய், முதுகுக்குப் பின்னால் கறுப்பு நிழலோடு வந்ததும் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கருவிக்கு இது பெரிய அநியாயம் என்பது என் எண்ணம். அது வெளிச்சத்தை மட்டும் தருவதில்லை, தனக்கென ஒரு நேரக் கணக்கையும் கொண்டுவருகிறது. ஃபிளாஷ் அடித்து எடுத்த எந்தப் படமும் உண்மையில் இரண்டு படங்கள்: அறையில் ஏற்கெனவே இருந்த வெளிச்சம் வரைந்தது ஒன்று, ஃபிளாஷ் வரைந்தது இன்னொன்று. இரண்டும் ஒரே சட்டத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. இது மனதில் பதிந்துவிட்டால் மற்ற நுணுக்கங்கள் எல்லாம் தாமாகவே வழிக்கு வரும்.

கேமராக்காரர்கள் முதலில் தேடியது வெளிச்சத்தைத்தான். நதார் என்ற புனைபெயரில் புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைஞர், 1860-களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்துக்கு அடியில் எலும்புகள் அடுக்கிய சுரங்கங்களைப் படம் எடுத்தார். மேலே வண்டியில் பேட்டரிகளை நிறுத்தி, கம்பி வழியாகக் கீழே மின்வில் விளக்குகளை எரியவிட்டார். ஒரு படத்துக்கு 18 நிமிடம் வரை ஆனது. அத்தனை நேரம் அசையாமல் நிற்க ஆளால் முடியாது. ஆகவே எலும்புகளை அடுக்கும் தொழிலாளியின் இடத்தில் துணி உடுத்திய பொம்மையை நிறுத்தி எடுத்தார். அதற்குப் பிறகு மக்னீசியம் வந்தது. அதைக் கம்பியாகவும் பட்டையாகவும் எரித்துப் பார்த்தார்கள். 1887-இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீதே, யோஹானஸ் கேடிக்கே இருவரும் மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து, பற்றவைத்ததும் குப்பென்று எரிந்து தீரும் பொடியை உருவாக்கினார்கள். நியூயார்க்கின் இருட்டுக் குடியிருப்புகளில் ஏழைகள் வாழ்ந்த நிலையை ஜேக்கப் ரீஸ் உலகத்துக்குக் காட்டியது அந்தப் பொடியின் வெளிச்சத்தில்தான். அவருடைய புத்தகம் 1890-இல் வெளியானது. பொடி ஆபத்தானது. ஒரு வீட்டில் படம் எடுக்கும்போது சுவரில் தொங்கிய தாளும் கந்தலும் தீப்பிடித்ததை அவரே எழுதியிருக்கிறார். 1929-இல் அலுமினியத் தகடும் ஆக்சிஜனும் அடைத்த கண்ணாடிக் குமிழ் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த பிறகே புகையும் தீயும் ஒழிந்தன. ஒரு குமிழுக்கு ஒரு படம். அடித்ததும் தூக்கியெறிய வேண்டியதுதான்.

ஆனால் வெளிச்சத்தைக் கொண்டு நேரத்தை வெட்டலாம் என்ற யோசனை இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. 1851-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃபாக்ஸ் டால்பட் வேகமாகச் சுழலும் வட்டில் ஒரு செய்தித்தாள் துண்டை ஒட்டினார். லேடன் ஜாடிகளில் சேர்த்த மின்சாரத்தை ஒரே பொறியாகப் பாயவிட்டு அதைப் படம் எடுத்தார். எழுத்துகள் வாசிக்கும்படி பதிந்தன. நம் ஃபேன் சோதனைக்கு மூலம் அதுதான். அதைக் கருவியாக்கியவர் ஹரால்ட் எட்ஜர்ட்டன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்மோட்டார்களை ஆராய்ந்துகொண்டிருந்தவருக்கு, ஓடும் மோட்டாரின் உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. சுழற்சியோடு தாளம் பிசகாமல் விளக்கை மின்னவிட்டால் சுழல்வது நின்றதுபோலத் தெரிகிறது என்பதை 1930-களின் தொடக்கத்தில் முறையாகப் பயன்படுத்தினார். மோட்டாரை விட்டு மற்றவற்றின் பக்கம் அந்த விளக்கைத் திருப்பியபோது உலகத்துக்குப் புதுக் கண் கிடைத்தது. தட்டில் விழுந்த பால் துளி கிரீடமாக எழும்புவதைக் காட்டும் 1957-ஆம் ஆண்டுப் படமும், ஆப்பிளைத் துளைத்து வெளியேறும் தோட்டாவைக் காட்டும் 1964-ஆம் ஆண்டுப் படமும் அவருடையவை. தோட்டாப் படத்துக்கு ஷட்டரை நம்ப முடியாது. இருட்டறையில் ஷட்டரைத் திறந்தே வைத்துவிட்டு, தோட்டாவின் ஒலியைக் கேட்டு ஃபிளாஷைக் கொளுத்தும் மைக் ஒன்றை வைத்தார். இரண்டாம் உலகப் போரில் விமானத்தில் பொருத்திய மாபெரும் ஃபிளாஷ்களைக் கொண்டு இரவில் தரையைப் படம் பிடிக்கவும் அவர் வழிசெய்தார். 1944-இல் நார்மண்டியில் படைகள் இறங்குவதற்கு முன் அந்தக் கரையை அப்படி எடுத்தார்கள்.

இன்று நாம் கையில் எடுக்கும் தனி ஃபிளாஷ், அதாவது ஸ்பீட்லைட், எட்ஜர்ட்டனின் விளக்கின் நேர் வாரிசு. அதற்குள் மூன்றே பொருள்கள் முக்கியம்: நான்கு ஏஏ செல்கள், ஒரு பெரிய மின்தேக்கி, செனான் வாயு அடைத்த விரல் நீளக் கண்ணாடிக் குழாய். செல்கள் தரும் ஆறு வோல்ட்டை ஒரு சின்னச் சுற்று 300 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி மின்தேக்கியில் சேர்க்கிறது. பழைய ஃபிளாஷ்களில் கேட்கும் மெல்லிய ‘கீய்ங்’ ஓசை அந்த வேலையினுடையது. சின்ன மோட்டார் நெடுநேரம் ஓடி நிரப்பிய மாடித் தொட்டியை ஒரே நொடியில் கவிழ்த்துவிடுவது போன்றதுதான் பிறகு நடப்பது. சில ஆயிரம் வோல்ட் துடிப்பு ஒன்று குழாயின் வாயுவை அயனிகளாக உடைக்கிறது. அதுவரை மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டிருந்த செனான் கடத்தியாகிவிடுகிறது. தேக்கியில் இருந்த அனைத்தும் அதன் வழியாகப் பாய்கிறது.

அந்த அனைத்தும் எவ்வளவு? 1,400 மைக்ரோஃபாரட் தேக்கியை 330 வோல்ட்டுக்கு நிரப்பினால் சுமார் 75 ஜூல். பத்து வாட் எல்இடி பல்பு ஏழரை வினாடியில் செலவழிப்பது இவ்வளவுதான். ஆனால் ஃபிளாஷ் இதை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு வினாடியில் கொட்டித் தீர்க்கிறது. அந்த ஒரு மில்லி வினாடிக்கு அது 75 கிலோவாட் விளக்கு. சூரியனோடு போட்டிபோடும் துணிவு அதற்கு எங்கிருந்து வருகிறது என்பது இதில் புரியும்.

இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. ஃபிளாஷின் அளவை முழுமையிலிருந்து பாதி, கால், 1/8 என்று 1/128 வரை குறைக்கலாம். குறைக்கும்போது குழாய் மங்கலாக எரிவதில்லை, சீக்கிரம் அணைகிறது. பாய்ந்துகொண்டிருக்கும் மின்சாரத்தை ஒரு குறைகடத்திச் சுவிட்ச் நடுவில் வெட்டிவிடுகிறது. முழு அளவில் 1/1,000 வினாடி அளவுக்கு நீளும் மின்னல், 1/128-இல் சில பத்தாயிரத்தில் ஒரு வினாடியாகச் சுருங்குகிறது. ஃபேனுக்கு மிகக் குறைந்த அளவு வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். முழு அளவில் அடித்திருந்தால் நுனி இரண்டு சென்டிமீட்டர் இழுபட்டிருக்கும். தெறிக்கும் தண்ணீர், உடையும் பலூன், தேன்சிட்டின் சிறகு எதுவானாலும், நிறுத்த வேண்டுமென்றால் ஃபிளாஷை ஏற்றக் கூடாது, இறக்க வேண்டும்; ஒன்று போதாவிட்டால் இரண்டை வைத்து இரண்டையும் இறக்க வேண்டும். கைபேசியில் இருப்பது இந்த வகையே அல்ல. அது ஒரு எல்இடி விளக்கு. கொஞ்ச நேரம் எரிந்து அணையும். அதன் வெளிச்சத்தில் ஓடும் குழந்தை எப்போதும் கலங்கியே வருவதற்கு அதுவே காரணம்.

இனி இரண்டு கணக்குக்கு வருவோம். இதைக் கல்யாண மண்டபத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஃபிளாஷைப் பற்றிய நம்மூர் அறிவில் பெரும்பகுதி வளர்ந்த இடம் அது. மணமேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் பூ அலங்காரம், சீரியல் விளக்குகள், மங்கலான மஞ்சள் வெளிச்சம். எஃப்/4, ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/200. ஃபிளாஷ் அடிக்கிறோம். முகங்கள் பளிச்சென்று வருகின்றன. பின்னால் அலங்காரம் இருட்டில் மூழ்கிவிடுகிறது. ஏதோ நள்ளிரவில் மொட்டைமாடியில் நடந்த திருமணம் போல. இப்போது வேறு எதையும் தொடாமல், ஃபிளாஷின் அளவையும் மாற்றாமல், ஷட்டரை மட்டும் 1/25-க்கு இறக்குவோம். முகங்கள் முன்பிருந்த அளவிலேயே இருக்கும். ஆனால் பின்னணி எட்டு மடங்கு வெளிச்சமாகிப் பூவும் விளக்கும் மேலெழும்.

ஏன்? மண்டபத்தின் விளக்குகள் ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் சென்சரில் வெளிச்சத்தைச் சேர்த்துக்கொண்டே போகின்றன. திறந்திருக்கும் நேரம் எட்டு மடங்கானால் வெளிச்சமும் எட்டு மடங்கு. ஃபிளாஷோ ஆயிரத்தில் ஒரு வினாடியில் வந்து போய்விட்டது. அதற்குப் பிறகு ஷட்டர் எத்தனை நேரம் திறந்திருந்தாலும் அதற்குச் சேர்க்க ஒன்றுமில்லை. ஆகவே ஷட்டர் வேகம் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சத்துக்கு மட்டுமான குமிழ். ஃபிளாஷின் அளவும், அதற்கும் ஆளுக்கும் உள்ள தூரமும் ஃபிளாஷ் வெளிச்சத்துக்கு மட்டுமான குமிழ்கள். அப்பெர்ச்சர் என்ற லென்ஸ் துளையும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்து ஏற்றி இறக்கும். ஒரு படத்தில் முகத்துக்கு ஒரு வெளிச்சம், பின்னணிக்கு ஒரு வெளிச்சம் என்று தனித்தனியே முடிவுசெய்யும் உரிமை இப்படித்தான் கிடைக்கிறது. வெயிலோ மேகமோ அறையோ கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளும் கேமராவுக்கு இந்த உரிமை இல்லை.

ஷட்டரை ரொம்பவும் இறக்கினால் அசைவின் சாயல் படியும். அதுவும் சில நேரம் வேண்டியதே. இரவில் போகும் பைக்கை அரை வினாடி ஷட்டரில் எடுத்து, தொடக்கத்தில் ஃபிளாஷ் அடித்தால் பைக் கூர்மையாகப் பதிந்த பிறகு விளக்குக் கோடு அதற்கு முன்னால் நீளும். வண்டி பின்னோக்கிப் போவது போலிருக்கும். ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன் ஃபிளாஷ் அடிக்கும்படி அமைத்தால் கோடு பின்னால் இழுபடும். எல்லா நல்ல கேமராக்களிலும் இந்த அமைப்பு உண்டு. பயன்படுத்துவோர் குறைவு.

ஷட்டர் வேகத்துக்கு மேல்பக்கம் ஒரு சுவர் இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250. சென்சருக்கு முன்னால் இரண்டு திரைகள் இருக்கின்றன. முதல் திரை விலகித் திறக்கிறது, இரண்டாம் திரை பின்தொடர்ந்து மூடுகிறது. ஒரு திரை சென்சரைக் கடக்கச் சுமார் 1/250 வினாடி வேண்டும். அதைவிடக் குறைந்த நேரத்துக்கு ஷட்டர் வைத்தால், முதல் திரை முழுவதும் விலகுமுன்பே இரண்டாம் திரை கிளம்பிவிடும். சென்சர் எந்தக் கணத்திலும் முழுதாகத் திறந்திருக்காது. ஒரு நீளப் பிளவு மட்டும் அதன் குறுக்கே நகரும். அந்தச் சமயத்தில் ஃபிளாஷ் மின்னினால் பிளவுக்கு நேரே இருந்த பகுதியில் மட்டும் வெளிச்சம் விழும், மீதி கறுப்புப் பட்டையாகிவிடும்.

வீட்டுக்குள் இந்தச் சுவர் தொந்தரவு தராது. உச்சி வெயிலில்தான் முட்டும். வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200 என்றால் அப்பெர்ச்சர் எஃப்/11 அளவில் இருக்கும். கண்குழிகள் கறுத்த முகத்துக்கு ஃபிளாஷால் கொஞ்சம் வெளிச்சம் தடவலாம், நன்றாகவே வரும். ஆனால் பின்னணியைக் கலங்கலாக்க எஃப்/2.8 வேண்டும் என்றால் ஷட்டரை 1/3,200-க்கு ஏற்ற வேண்டும். அதற்கென்றே பெரும்பாலான இன்றைய ஃபிளாஷ்களில் அதிவேக சிங்க் என்ற முறை உண்டு. பிளவு நகரும் நேரம் முழுவதும் ஃபிளாஷ் ஒரே பாய்ச்சலாக இல்லாமல் வினாடிக்குப் பல்லாயிரம் துடிப்புகளாக, ஏறக்குறைய தொடர் விளக்கு போல எரிகிறது. விலை? அந்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பிளவின் வழியே போவதில்லை. மீதி திரையின் மேல் விழுந்து வீணாகிறது. ஃபிளாஷ் எட்டும் தூரம் சட்டென்று சுருங்கிவிடும். அசைவை நிறுத்தும் ஆற்றலும் அப்போது ஃபிளாஷிடம் இல்லை, ஷட்டரிடம் திரும்பிப் போய்விடுகிறது.

தூரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சின்ன விளக்கிலிருந்து வரும் வெளிச்சம், தூரம் இரண்டு மடங்கானால் நாலில் ஒன்றாகும். நான்கு மடங்கானால் பதினாறில் ஒன்று. இந்த இருமடி எதிர்விகிதத்தை ஒன்பதாம் வகுப்பில் படித்து மறந்தவர்கள், உறவினர்களின் குரூப் போட்டோவில் அதை மறுபடி சந்திப்பார்கள். முன்வரிசை இரண்டு மீட்டரில், பின்வரிசை நான்கு மீட்டரில் நின்றால், பின்னால் நிற்கும் மாமாக்களுக்குக் கிடைப்பது முன்னால் உட்கார்ந்த குழந்தைகளுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் கால்பங்கு. குழந்தைகள் வெளிறியும் மாமாக்கள் இருண்டும் வருவார்கள். ஃபிளாஷைப் பின்னுக்கு நகர்த்தி ஆறு மீட்டர், எட்டு மீட்டர் ஆக்கினால், வித்தியாசம் 1.8 மடங்குக்குள் அடங்கும். விளக்கைத் தள்ளி வைத்தால் வெளிச்சம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். தள்ளி வைத்தால் அது சமமாகப் பரவும் என்பதுதான் படம் எடுப்பவருக்கு அதிகம் பயன்படுவது.

இந்த விதியைக் கணக்குப் போட எளிதாக்கவே ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் கைட் நம்பர் என்ற எண் தருகிறார்கள். தூரத்தை மீட்டரில் எடுத்து எஃப் எண்ணால் பெருக்கினால் அது வரும். ஐஎஸ்ஓ 100-இல் கைட் நம்பர் 40 என்றால், எஃப்/8-இல் முழு அளவு ஃபிளாஷ் சரியாக எட்டுவது ஐந்து மீட்டர். எஃப்/4-இல் பத்து மீட்டர். ஐஎஸ்ஓ 400-க்குப் போனால் எண் இரட்டிப்பாகி 80 ஆகும். உச்சி வெயிலின் எஃப்/11-இல் 3.6 மீட்டர் வரை அந்தச் சின்னப் பெட்டி சூரியனுக்குச் சமமாக நிற்கும் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடுகிறது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியில் அச்சிட்ட பெரிய எண், ஃபிளாஷின் தலையை 105 அல்லது 200 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஏற்றபடி குறுக்கிக் குவித்தபோது கிடைப்பது. அகல லென்ஸுக்கு விரித்தால் எண் வெகுவாகக் குறையும்.

அளவு சரியாக இருந்தும் ஃபிளாஷ் படம் அழகற்றுப் போவதற்குக் காரணம் வேறு. ஃபிளாஷின் முகப்பு தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. வெளிச்சம் வரும் பரப்பு, ஆளின் கண்ணிலிருந்து பார்க்கையில் எவ்வளவு சிறியதோ அவ்வளவு கூர்மையாக நிழல் விழும், அவ்வளவு கடுமையாக நெற்றி வேர்வையும் நகையும் பளிச்சிடும். போதாததற்கு அது லென்ஸுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. முகத்தின் மேடு பள்ளங்களைக் காட்டுவது பக்கவாட்டு நிழல். பார்க்கும் திசையிலிருந்தே வெளிச்சம் வந்தால் அந்த நிழல் இல்லை, முகம் தட்டையாகிறது. கண்ணின் பின்திரையில் பட்டு ரத்தத்தின் நிறத்தோடு நேரே லென்ஸுக்குத் திரும்புவதால்தான் செங்கண்ணும் வருகிறது.

தலை திரும்பும் ஃபிளாஷ் இதற்கு அருமையான மருந்து. வெள்ளைக் கூரையை நோக்கித் தலையைத் திருப்பினால், கூரையில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு வெளிச்சத் திட்டு விழுந்து, அந்தத் திட்டே புது விளக்காகிறது. தீப்பெட்டி அளவு விளக்கு கட்டில் அளவுக்கு வளர்ந்துவிட்டது. நிழல்கள் இளகும். வெளிச்சத்தில் கால்பங்கோ அதற்கும் குறைவோதான் மிஞ்சும் என்பதால் ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும். என்னைக் கேட்டால் கூரையைவிடப் பக்கச் சுவர் மேல். கூரை வெளிச்சம் கண்குழிகளைக் கறுக்க வைக்கும். சுவர் வெளிச்சம் சன்னலோர வெளிச்சம் போல ஒரு பக்கமிருந்து வந்து முகத்துக்கு உருவம் தரும். சுவரின் நிறம் மட்டும் முக்கியம்: பச்சைச் சுவரில் அடித்தால் மணப்பெண் பச்சையாவாள். கூரை எட்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் மண்டபத்தில் இப்படிக் கூரையில் அடித்துத் திருப்புவது வீண். ஃபிளாஷ் தலையில் மாட்டும் வெள்ளை பிளாஸ்டிக் தொப்பியும், வெளிச்சம் பட்டுத் திரும்பச் சுவரோ கூரையோ இருந்தால்தான் வேலை செய்யும். திறந்தவெளியில் அதை மாட்டுவது வெளிச்சத்தை வானத்துக்கு அனுப்புவதற்குச் சமம்.

தனி ஃபிளாஷின் முழு மதிப்பு தெரிவது அதைக் கேமராவிலிருந்து கழற்றும்போதுதான். ஸ்டாண்டில் ஒரு குடையோடு நிறுத்தி, ஆளுக்கு 45 பாகை பக்கவாட்டில், முகத்துக்குச் சற்று மேலே வைத்தால், அதே பெட்டி ஸ்டூடியோ விளக்காகிறது. ஒரு ஃபிளாஷின் மின்னலைப் பார்த்து இன்னொன்று அடிக்கும் முறை மலிவானது. ஆனால் மண்டபத்தில் வேறு யாருடைய ஃபிளாஷ் மின்னினாலும் நம்முடையதும் சேர்ந்து அடித்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ டிரிகர்கள் அந்தத் தொல்லையை ஒழித்தன. இன்று பெரும்பாலான ஃபிளாஷ்களுக்குள்ளேயே அவை இருக்கின்றன.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக: செனான் வெளிச்சம் பகல் வெளிச்சத்தின் நிறம், சுமார் 5,500 கெல்வின். மண்டபத்தின் மஞ்சள் விளக்கு 3,000 கெல்வின் அளவில் இருக்கும். இரண்டு கணக்கும் சமமாகும் படத்தில் முகம் வெள்ளையாகவும் பின்னணி ஆரஞ்சாகவும் பிரிந்து நிற்கும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்ய முயன்றால் ஒன்றைத் திருத்தும்போது மற்றது கெடும். ஃபிளாஷ் முகப்பில் ஒரு ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டி, கேமராவின் வெள்ளைச் சமநிலையை மஞ்சள் விளக்குக்கு வைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இவ்வளவையும் ஒவ்வொரு படத்துக்கும் கணக்குப் போட நேரமில்லை என்றுதான் தானியங்கி முறை வந்தது. 1975-இல் ஒலிம்பஸ் ஓஎம்-2 கேமரா, படம் பதியும் அந்த நேரத்திலேயே ஃபிலிமின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளந்து, போதுமானது என்றதும் ஃபிளாஷை அணைத்தது. சென்சர் வெளிச்சத்தைத் திருப்பும் விதம் ஃபிலிம் போன்றதல்ல என்பதால், டிஜிட்டல் கேமராக்கள் ஷட்டர் திறக்குமுன் மெல்லிய முன்மின்னல் ஒன்றை அடித்து, லென்ஸ் வழியே திரும்பி வருவதை அளந்து, அதிலிருந்து முழு மின்னலின் அளவைத் தீர்மானிக்கின்றன. டிடிஎல் என்பது இது. இது பார்ப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணும். வெள்ளை வேட்டி சட்டையில் மாப்பிள்ளை நின்றால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும், அவர் முகம் கறுக்கும். வரவேற்பில் கறுப்புக் கோட்டு போட்டு வந்தால் ஏற்றிவிடும், முகம் வெளிறும். ஃபிளாஷ் ஈடுகட்டும் அமைப்பில் வேட்டிக்கு ஒரு ஸ்டாப் வரை கூட்டியும் கோட்டுக்குக் குறைத்தும் வைத்தால் தீரும். ஆள் நகர்ந்துகொண்டே இருந்தால் டிடிஎல், ஆளும் ஃபிளாஷும் ஒரே இடத்தில் நின்றால் மேனுவல் என்று பிரித்துக்கொள்வது நல்லது. மேனுவலில் ஒரு தடவை சரியாக வைத்துவிட்டால் நூறு படமும் ஒரே சீராக வரும். ஆல்பம் செய்பவர் அதற்கு நன்றி சொல்வார்.

செல் விஷயத்தில், 1.5 வோல்ட் அல்கலைனைவிட 1.2 வோல்ட் ரீசார்ஜ் நிக்கல் செல்கள்தான் ஃபிளாஷை வேகமாக நிரப்பும். அவற்றின் உள்தடை குறைவு. கேட்ட மின்னோட்டத்தை உடனே தரும். அப்பா காலத்து ஃபிலிம் கேமரா ஃபிளாஷைப் புதுக் கேமராவின் ஹாட் ஷூவில் செருகுமுன் அதன் நடு முனையின் வோல்ட்டேஜை மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். சில பழைய ஃபிளாஷ்களில் அது 200 வோல்ட்டைத் தாண்டும். டிஜிட்டல் கேமராவின் சுற்று கருகிவிடும். பழுதான ஃபிளாஷை வீட்டில் பிரிக்கவே பிரிக்காதீர்கள். செல்லைக் கழற்றிய பிறகும் தேக்கியில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

நெடுங்காலமாக வழிமறித்து நின்ற அந்த ஷட்டர் வேகச் சுவர் இப்போது விரிசல் விடத் தொடங்கியிருக்கிறது. 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஆல்ஃபா 9-இன் மூன்றாம் தலைமுறைக் கேமராவில் திரையே இல்லை. சென்சரின் எல்லாப் புள்ளிகளும் ஒரே கணத்தில் திறந்து ஒரே கணத்தில் மூடுகின்றன. பிளவு இல்லை, ஆகவே கறுப்புப் பட்டையும் இல்லை. 1/80,000 வினாடி வரை எந்த வேகத்திலும் ஃபிளாஷ் அடிக்கலாம். உச்சி வெயிலில் எஃப்/2.8, 1/3,200 என்பது துடிப்பு முறையின் வீணடிப்பு இல்லாமலே கைக்கு வந்துவிட்டது.

ஆனால் இதோடு பழைய விதி ஒன்றும் உடைகிறது. ஷட்டர் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் தொடாது என்று மேலே சொன்னது, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் மின்னலைவிட நீளமாக இருந்ததால்தான். 1/80,000 வினாடியில் ஷட்டர் மின்னலைவிடக் குறுகிவிடுகிறது. முழு அளவு ஃபிளாஷ் ஒளிரும் நேரத்தில் எண்பதில் ஒரு துண்டுதான் அதற்குள் நுழையும். எந்தத் துண்டு என்பதும் முக்கியம்; உச்ச வெளிச்சம் ஷட்டர் திறக்கும் கணத்தோடு பொருந்துமாறு நேரத்தை நுண்ணளவில் தள்ளிவைக்க அந்தக் கேமராவில் வசதி தந்திருக்கிறார்கள். அத்தனை வேகத்தில் ஃபிளாஷை முழு அளவில் அடித்தாலும் கால் அளவில் அடித்தாலும் படத்தில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றே, ஏனென்றால் இரண்டும் ஒரே விதமாகத் தொடங்கி வெவ்வேறு நேரத்தில் வெட்டப்படுபவை. முழு அளவில் வைத்தால் செல்தான் சீக்கிரம் தீரும்.